மானியக் குழுவுக்கு ஒரு ஜெராக்ஸ் கடைக்காரரின் நன்றி மடல்

பெறுநர்: தலைவர் அவர்கள், பல்கலைக்கழக மானியக் குழு, பகதூர் ஷா ஜாபர் மார்க், புது தில்லி.

பொருள்: பிழைப்பு கொடுத்தமைக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

கல்லூரி வாசலில் ஜெராக்ஸ், டிடிபி, பைண்டிங் கடை வைத்திருக்கிறேன். புராஜெக்ட் சீசனில் எனக்குப் படியளப்பது தாங்கள்தான்.

கருத்துத் திருட்டைத் தடுக்க 2018இல் விதிகள் கொண்டுவந்தீர்கள். ஆய்வேட்டில் ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனையில்லை. 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை என்றால் ஓராண்டுத் தடை. அதையும் தாண்டினால் பதிவே ரத்து. அதுவரை பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டிருந்தேன். இப்போது சதவீதத்துக்கு இவ்வளவு. 'பத்துக்குக் கீழே இறக்கித் தரப்படும்' என்று போர்டும் மாட்டியாயிற்று.

வேலை சுலபம். வாக்கியத்தைத் தொடாமல் சொல்லை மட்டும் மாற்ற மென்பொருள் இருக்கிறது. அது 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' என்பதை 'கவுன்டர்ஃபிட் கான்ஷியஸ்னஸ்' ஆக்கிவிடும். 'பிக் டேட்டா'வை 'கொலோசல் இன்ஃபர்மேஷன்' ஆக்கிவிடும். இத்தகைய சொற்கள் அச்சான ஆய்விதழ்களிலேயே கிடப்பதை 2021இல் ஆய்வாளர்கள் சிலர் எடுத்துக்காட்டினார்கள். நம் தொழில் சர்வதேசத் தரத்தில் இருப்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கைடு, ஒப்புமை ரிப்போர்ட்டில் எண்ணைப் பார்ப்பார், கையெழுத்துப் போடுவார். உள்ளே இருக்கும் கருத்து யாருடையது என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

துணைநூற்பட்டியலும் நம் கடையிலேயே கிடைக்கும். சீனியர் புராஜெக்டிலிருந்து எடுத்து, கடைசி வரியில் 'கூகுள் டாட் காம்' சேர்த்துவிடுவேன். நூலாசிரியர் பெயர் கேட்டால் நூலக வாட்ச்மேன் பெயரைச் சொல்வதுபோலத்தான். வைவாவில் அதுவும் தேறிவிடுகிறது.

ஆனால் ஐயா, தங்கள் விதிகளில் இரண்டு இடங்கள் வயிற்றைக் கலக்குகின்றன. மூலத்தைச் சொல்லி மேற்கோளாகக் காட்டிய பகுதி ஒப்புமைக் கணக்கில் வராது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு ஜோடி மேற்கோள் குறி, ஓர் அடிக்குறிப்பு. அவ்வளவில் முடிந்துபோகிற வேலைக்குப் பிள்ளைகள் எனக்குக் காசு கொடுக்கிறார்கள். இது அவர்களுக்குத் தெரிந்தால் என் கதி?

இன்னொன்று, கல்வி நேர்மையை இளங்கலையிலேயே கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்ற விதி. 2019இல் ஆய்வு நெறிமுறைக்கு 2 கிரெடிட் பாடம் வந்தபோது, அந்த விதிதான் நடைமுறைக்கு வந்துவிட்டதோ என்று கலங்கிப்போனேன். நல்லவேளை, அது பிஎச்.டி. சேர்ந்தவர்களுக்கு. பள்ளியிலிருந்து பார்த்தே எழுதிப் பழகிய கை, அதற்குள் நன்றாக முற்றிவிடுகிறது.

ஆகவே வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்: சதவீதத்தை எட்டாகக் குறையுங்கள், ஐந்தாகக் குறையுங்கள், ரேட்டை ஏற்றிக்கொள்கிறேன். படித்ததைத் தன் சொல்லில் எழுதவும், எடுத்த இடத்தைச் சொல்லவும் முதலாம் ஆண்டு மாணவனுக்கு யாராவது சொல்லிக்கொடுக்கும்படி மட்டும் செய்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் விதிகளால் வாழும்
கல்லூரி வாசல் கடைக்காரன்