பாப்பா எப்போது பெர்மனன்ட் ஆவாள்?

ஹைடல்பர்க்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கிப் பெரியப்பா கேட்டாரே, "டாக்டர் பட்டம் வாங்கியும் இன்னும் டெம்பரவரியா?" என்று. அவருக்கு இதைப் படித்துக் காட்டு. மின்வாரியத்தில் ரிடையரானவர், பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள்.

பல்கலைக்கழக ஆராய்ச்சிக்காரர்களுக்கென்றே ஜெர்மனியில் 2007-இல் ஒரு சட்டம் போட்டார்கள். பிஎச்.டி.க்கு முன் 6 வருஷம், பின் 6 வருஷம் காண்ட்ராக்டில் வைத்துக்கொள்ளலாம். மருத்துவத் துறையென்றால் பின்னது 9. அப்புறம் ஏதாவது ப்ராஜெக்ட் பணம் வந்தால் ஒட்டிக்கொள்ளலாம், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

உனக்குப் பிடித்த ஷரத்து ஒன்று உண்டு. வளர்க்கும் குழந்தை ஒன்றுக்கு 2 வருஷம் கூட்டிக்கொள்ளலாம். சத்தியமாக! நீ வாராவாரம் கேட்கும் பேரன் பிறந்தால் எனக்கு 2 வருஷம். இரட்டையென்றால் 4. பாட்டி மாதிரி எட்டுப் பெற்றால் 16, பாதி சர்வீஸ் ஓடிவிடும். "புரதம் இன்னும் படிகமாகவில்லை சார், ஆனால் அடுத்த மாதம் வளைகாப்பு" என்று புரொபசரிடம் காண்ட்ராக்டை நீட்டிக் கேட்கலாம். மாப்பிள்ளை வீட்டாருக்கு ஜாதகத்தோடு சட்ட நகலும் ஒன்று கொடு. ஆனால், நீட்டலாம் என்றுதான் போட்டிருக்கிறது. நீட்டியே ஆகவேண்டும் என்றில்லை. பிள்ளை பெற்ற பிறகு அதைச் சொல்வார்கள்.

ஊருக்கே வந்துவிடு என்பாய். இன்ஸ்பையர் ஃபேகல்டி என்கிற அரசாங்க ஃபெலோஷிப்புக்கு வயது வரம்பு உண்டு. தரகரிடம் நீ சொல்லும் வயதை டெல்லியில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களைத் திரும்ப அழைக்கிற ராமலிங்கசாமி ஃபெலோஷிப்புக்கு எனக்கு வயது இருக்கிறது. அதுவும் 5 வருஷம்தான்.

வருஷத்துக்கு 30 நாள் லீவு, சம்பளம் தேதி தவறாமல் வருகிறது. குறை சொல்லக்கூடாது. ஆனால் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரைத் திறந்தால், எனக்கு முன்னால் இருந்தவர்கள் பெயர் எழுதின டப்பாக்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. மனுஷர்கள் எந்த நாட்டில் என்று யாருக்கும் தெரியாது. அவர்கள் பிரித்தெடுத்த என்சைமை இன்னும் நாங்கள் உபயோகிக்கிறோம். எரிச்சலாக வருகிறது அம்மா.

புளிக்காய்ச்சலை மார்ச்சுக்குள் அனுப்பிவிடு. அதற்கப்புறம் எந்த விலாசம் என்று எனக்கே தெரியாது. எண்ணெய் தாராளமாக விடு.

உன்
பாப்பா