காலி வண்டியின் பின்துள்ளல்: ஒரு முன்னாய்வு

காலியாக ஓடும் பிக்கப் வண்டியின் பின்பாகம், சாலையில் கிடக்கும் மேட்டைத் தாண்டி முடித்த பிறகும் தாண்டிக்கொண்டே இருப்பது பின்துள்ளல் எனப்படும். வண்டி ஓட்டுபவர்கள் இதைத் ‘தூக்கிப் போடுது’ என்று இரண்டே சொல்லில் முடித்துக்கொள்கிறார்கள். ஆய்வுலகுக்கு அந்தச் சிக்கனம் கட்டுப்படியாகாது.

பின்துள்ளலுக்குப் பங்காளிகள் இருவர் உண்டு. பார்வைக்கு ஒரே சாடை என்பதால் இவர்களை முதலிலேயே ஒதுக்கிவைப்பது நல்லது. ஒன்று அச்சுத் துடிப்பு: உடம்பு சும்மா இருக்க, சக்கரமும் அச்சும் மட்டும் விநாடிக்குப் பத்துத் தடவை அல்லது அதற்கு மேல் படபடப்பது. பின்கதவுச் சங்கிலி விடாமல் கிலுகிலுத்தால் அது இதுதான். மற்றொன்று முட்டு: அளவுக்கு மேல் ஏற்றிய வண்டியின் அச்சு, சேஸிசின் அடியில் இருக்கும் ரப்பர் கட்டையில் ‘டொம்’மென்று மோதுவது. பின்துள்ளல் இவை இரண்டும் அல்ல. வண்டியின் உடம்பே விநாடிக்கு இரண்டு, மூன்று முறை எழுந்து எழுந்து அமர்வது அது. மூன்றுக்கும் ஒரே மருந்து கொடுத்து, மூன்றும் தீரவில்லை என்று மெக்கானிக்கைத் திட்டுவது இத்துறையின் நெடுநாள் மரபு.

வரலாற்றைப் பார்த்தால், வண்டிக்கு வில் வைத்தது மனிதனின் முதுகெலும்பை உத்தேசித்துத்தான். ராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர், ஸ்பிரிங்கை எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு விசை திரும்பிவரும் என்ற விதியை 1676-இல் வெளியிட்டார். யாரும் திருடிவிடக் கூடாது என்று எழுத்துகளைக் கலைத்துப் போட்டுத்தான் வெளியிட்டார். விடையைச் சொன்னது 1678-இல். ஒர்க்ஷாப் பில்லைப் படித்துப் பழகியவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. 1804-இல் லண்டனில் ஒபதையா எலியட், நீள்வட்ட வடிவில் பட்டைகளை அடுக்கிக் குதிரை வண்டிக்குப் பொருத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நம் பக்கத்தில் வில்வண்டி பண்ணையாருக்கு, கட்டை வண்டி மூட்டைக்கு என்று பாகுபாடு தெளிவாகவே இருந்தது. திருவிதாங்கூரில் 1893-இல் ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர் அய்யன்காளி வில்வண்டி வாங்கிப் பொதுச்சாலையில் ஓட்டியபோது கிளம்பிய எதிர்ப்பு, வில்லைப் பற்றியதல்ல. அதன்மேல் யார் உட்காரலாம் என்பதைப் பற்றியது. 1925-இல் ஃபோர்டு நிறுவனம் தன் டி மாடல் காரின் பின்னால் பெட்டி வைத்து, தொழிற்சாலையிலேயே பிக்கப்பாக்கி 281 டாலருக்கு விற்றது. இந்தியாவில் 2005-இல் முக்கால் டன் ஏற்றும் டாட்டா ஏஸ் வந்து, ‘குட்டி யானை’ என்று பெயர் வாங்கி, சந்து பொந்தெல்லாம் புகுந்தது. இந்த வரிசையில் எங்கோ ஓரிடத்தில் பாகுபாடு தலைகீழாகிவிட்டது. இப்போது வில்லின் சுகம் மூட்டைக்கு. மூட்டை இறங்கிய பிறகு ஏறும் மனிதருக்குத் துள்ளல்.

துள்ளலுக்குக் காரணம், வண்டி கெட்டுப்போனது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது சொன்ன வேலைக்கு ஒழுங்காகச் செய்யப்பட்டதுதான் காரணம். பின்பட்டைகள் தாங்கும் எடை, காலியில் அரை டன், முழு லோடில் ஒன்றரை டன் என்று வைத்துக்கொள்வோம். முழு லோடில் விநாடிக்கு ஒன்றரை முறை மெல்ல அசையும்படி பட்டையை அமைத்தால், காலியில் அது எத்தனை முறை அசையும்? எடை மூன்றில் ஒரு பங்காகிவிட்டதால், மூன்றின் வர்க்கமூலமாகிய 1.73 மடங்கு. அதாவது 2.6 முறை. காரில் போகிறவர் அனுபவிப்பது ஒன்று முதல் ஒன்றரை. மனித உடம்பு மேலும் கீழுமாக மிகக் குறைவாகத் தாங்குவது விநாடிக்கு 4 முதல் 8 வரையிலான அதிர்வைத்தான் என்பது ஐ.எஸ்.ஓ. 2631 தரநிலையின் அடிப்படை. காலி வண்டி அந்த எல்லையை நோக்கித்தான் போகிறது. இன்னும் போய்ச் சேரவில்லை. சேர்ப்பதற்கு உரிமையாளர் உதவுகிறார். அது பின்னால் வரும்.

கணக்கில் வராத ஒரு நுட்பமும் உண்டு; இந்த ஆய்வில் உருப்படியான பகுதி இதுதான். பட்டை செட் என்பது ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகள். வளையும்போது அவை ஒன்றோடொன்று உரசி வழுக்க வேண்டும். துருவும் புழுதியும் ஏறிய செட்டில் அந்த உராய்வைச் சின்னச் சின்ன மேடுகளால் வெல்ல முடிவதில்லை. அப்போது பட்டை அசையாது. அச்சும் உடம்பும் ஒரே கட்டையாகிவிடும். அந்தக் கட்டை டயரின்மேல் துள்ளும். டயருக்குள் இருப்பது காற்று. அதுவும் ஒரு ஸ்பிரிங்தான். ஆனால் அதை அடக்க ஷாக் அப்சார்பர் கிடையாது. இருக்கும் ஷாக் அப்சார்பரோ அச்சுக்கும் சேஸிசுக்கும் நடுவே, இரண்டும் சேர்ந்தே குதிப்பதால் தனக்கு வேலையில்லாமல் வேடிக்கை பார்க்கிறது. புது ஷாக் மாற்றியும் துள்ளல் நிற்கவில்லை என்று புலம்புபவர்களில் பலருடைய வண்டியில் நடப்பது இதுதான்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். மோசமான சாலையில் சிறிது தூரம் ஓட்டி நிறுத்தியதும் வண்டியடியில் குனிந்து, இரண்டு ஷாக்கையும் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். துள்ளலை விழுங்கும் ஷாக் அதைச் சூடாக மாற்றுகிறது. வேலை செய்தது வெதுவெதுப்பாக இருக்கும். ஒன்று சூடாகவும் மற்றொன்று ஜில்லென்றும் இருந்தால், ஜில்லென்று இருப்பது செத்துவிட்டது. இரண்டுமே ஜில்லென்று இருந்தால், இரண்டும் செத்திருக்கலாம். அல்லது பட்டை இறுகி, ஷாக்குகளுக்கு வேலையே வராமல் போயிருக்கலாம். எது என்று அறிய, கீழ் போல்ட்டைக் கழற்றிக் கையால் இழுத்தும் அழுத்தியும் பார்க்கலாம். நல்ல ஷாக் இரண்டு பக்கமும் முரண்டு பிடிக்கும். இழுக்கும்போது கொஞ்சம் கூடுதலாக.

துள்ளலை அளக்க விரும்புவோருக்கு எளிய வழி ஒன்று உண்டு. எடை மேடையில் பின்சக்கரங்களை மட்டும் ஏற்றி நிறுத்தினால் பின்பக்க எடை தெரியும். அது 600 கிலோ என்றால், அச்சு, சக்கரம் ஆகியவற்றுக்கு 150 கிலோவைக் கழித்துவிடலாம். மீதி 450 கிலோ பட்டையின்மேல் உள்ளது. பிறகு 50 கிலோ சிமெண்டு மூட்டை ஆறு எடுத்து, அச்சுக்கு நேர்மேலே அடுக்கி, சக்கர வளைவு எவ்வளவு இறங்கியது என்று ஸ்கேலால் அளக்க வேண்டும். 300 கிலோவுக்கு 2 செ.மீ. இறங்கினால், 450 கிலோவுக்கு 3 செ.மீ. ஐந்தை அந்த மூன்றின் வர்க்கமூலத்தால் வகுத்தால் விநாடிக்கு ஏறக்குறைய 2.9 துள்ளல். மூட்டைகளைச் சிமெண்டுக் கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்பது இந்த ஆய்வின் எல்லைக்குள் வராது.

இனி உரிமையாளரின் பங்கு. ஊரில் வீடு கட்டும் வேலை வந்தால் செங்கல், ஜல்லி, எம்-சாண்ட் என்று வண்டி தன் தகுதிக்கு ஒன்றரை மடங்கு சுமக்க நேர்கிறது. பட்டை ‘உட்கார்ந்துவிடுகிறது’. உடனே பட்டைக் கடைக்குப் போய்க் கூடுதலாக இரண்டு பட்டை போட்டுக்கொண்டு வருகிறார்கள். ஐந்து பட்டை ஏழானால் விறைப்பு 40 சதவீதம் ஏறும், 2.6 ஆக இருந்த காலித் துள்ளல் 3.1-ஐ நெருங்கும். பட்டையின் எண்ணிக்கையைக் கூட்டாமல் கனத்தைக் கூட்டினால் விளைவு இன்னும் கடுமை. விறைப்பு கனத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறுவதால், 8 மி.மீ. பட்டைக்குப் பதில் 10 மி.மீ. போட்டால் அந்தப் பட்டையின் விறைப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். வீட்டு வேலை முடிந்துவிடும். பட்டையைக் கழற்ற மட்டும் யாருக்கும் நேரம் வராது. வண்டி அதன்பின் தக்காளிப் பெட்டி ஏற்றினாலும் சரி, வெற்றுக் கூடைகளோடு திரும்பினாலும் சரி, செங்கல் நினைப்பிலேயே ஓடும்.

தீர்வு பற்றி அறிஞர்கள் நான்கு கட்சியாகப் பிரிந்து கிடக்கின்றனர். டீக்கடை விவாதங்களில் இக்கட்சிகள் ஒன்றையொன்று நாத்திகராகவே கருதுகின்றன.

மூட்டைக் கட்சி, காலி வண்டியில் எப்போதும் இரண்டு மணல் மூட்டை கிடக்கட்டும் என்கிறது. கொள்கை சரிதான், அளவுதான் போதாது. எடை மேடையில் ஏற்றிய வண்டியில் நூறு கிலோ மணல் போட்டால் 2.9 என்பது 2.6 ஆகும், அவ்வளவே. அதற்கு ஆண்டு முழுவதும் நூறு கிலோவுக்கு டீசல் ஊற்ற வேண்டும். மூட்டையைப் பின்கதவோரம் தள்ளி வைப்பது இன்னும் கெடுதல்: முன்சக்கரத்தின் பிடி குறையும், வால் ஆடும்.

காற்றுக் கட்சிக்கு ஓரளவு நியாயம் உண்டு. பட்டை அசையாத வண்டிக்கு டயர்தான் ஸ்பிரிங் என்பதால், முழு லோடுக்கு அடித்த காற்றோடு காலியாக ஓட்டுவது கல்லின்மேல் உட்கார்ந்து போவதற்குச் சமம். சில வண்டிகளுக்குக் காலிக்கும் லோடுக்கும் தனித்தனி அளவே கொடுத்திருக்கிறார்கள். பார்க்க வேண்டிய இடம் கதவோரத்து ஸ்டிக்கர் அல்லது கையேடு. அதற்குக் கீழே குறைக்கலாகாது. குறைத்ததை மறந்து மறுநாள் லோடு ஏற்றினால் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். வெடித்தால் துள்ளல் பற்றிய கவலை அத்தோடு தீர்ந்துவிடும்.

ஆயில் கட்சி, எஞ்சினிலிருந்து இறக்கிய கறுப்பு ஆயிலைப் பட்டைகளின் இடுக்கில் ஊற்றச் சொல்கிறது. உராய்வு குறையும் என்பது மெய். ஆனால் நான்கு நாளில் அதன்மேல் புழுதி படிந்து அரைத்த மாவு போலாகும். வழிந்த ஆயில் பட்டைக் கண்ணில் உள்ள ரப்பர் புஷ்ஷை ஊதவைத்துக் கெடுக்கும். செட்டைக் கழற்றித் துருவைத் தேய்த்து, பட்டை நுனிகளில் உராய்வுத் தகடு தேய்ந்திருந்தால் மாற்றிப் பூட்டுவதே முறை. கை கறுக்கும் வேலை என்பதால் இதற்குக் கட்சி ஏதும் இல்லை.

கழற்றும் கட்சி துணிச்சலானது. கூடுதலாகப் போட்ட பட்டையைக் கழற்றுவதுவரை அதன் வழி சரி. கம்பெனி கொடுத்ததிலும் ஒன்றைக் கழற்றினால், மிச்சப் பட்டைகள் ஒடிவதற்கு நாள் குறித்தாயிற்று. சிலர் அடியில் தட்டையாக இருக்கும் ஹெல்பர் பட்டையைக் கழற்றிவிட்டு, ‘இப்போ மெத்தை மாதிரி போகுது’ என்று சொல்வதுண்டு. காலி வண்டியில் அந்தப் பட்டை மற்றவற்றோடு சேர்ந்து வேலை செய்வதே இல்லை. லோடு ஏறி வண்டி தாழ்ந்த பின்தான் அது தாங்கத் தொடங்கும். ஆகவே அந்த மெத்தை, செலவழித்த பணத்தின்மேல் விரித்த மெத்தை.

நான்கு கட்சிகளும் கவனிக்காமல் விட்ட இடம், பட்டையின் ஒரு முனையைச் சேஸிசோடு இணைக்கும் ஷாக்கிள். பட்டை வளையும்போது நீளும். நீள்வதற்கு இடம் கொடுத்து முன்னும் பின்னும் ஆடுவது ஷாக்கிளின் வேலை. ஷாக்கிளின் ஆணி இறுகிவிட்டால் பட்டை நீள முடியாமல் கம்பியாய் நிற்கும். ரப்பர் புஷ் உள்ள வண்டியில் இன்னொரு தவறும் நடக்கிறது. ஜாக்கி போட்டுச் சக்கரம் தொங்கும் நிலையிலேயே ஷாக்கிள் போல்ட்டை முறுக்கிவிடுகிறார்கள். வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு, கேட்காமலே ஒரு கூடுதல் ஸ்பிரிங்காக மாறி, சீக்கிரமே கிழிகிறது. வண்டி தன் எடையில் நின்ற பிறகே கடைசி முறுக்கு. பட்டையை அச்சோடு கட்டும் யு போல்ட்டும் அப்படியே: தளர்ந்தால், பட்டைகளைக் கோத்திருக்கும் சென்டர் போல்ட் அறுந்து அச்சு இடம் மாறும்.

பரபோலிக் பட்டை, ஏற்றி இறக்கக்கூடிய ஏர் பேக், 2009 மாடல் ராம் 1500 பிக்கப்பில் வந்தது போன்ற பின்பக்கக் காயில் ஸ்பிரிங் ஆகியவை நல்ல தீர்வுகளே. அவற்றின் விலையைக் கேட்டால் துள்ளுவது வண்டியாக இருக்காது.

சாலையின் பங்கையும் சொல்லாமல் விட முடியாது. வேகத்தடை எப்படி இருக்க வேண்டும் என்று இந்திய சாலைக் காங்கிரஸ் 1988-லேயே வகுத்திருக்கிறது: 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 25 கி.மீ. வேகத்தில் கடக்கலாம். அந்த வேகத்தில் அதைக் கடக்க அரை விநாடி ஆகும். பட்டைக்கு ஏறி இறங்க நேரம் கிடைக்கும். ஊர்க்காரர்கள் ராவோடு ராவாகப் போடும் ஒன்றரை அடி அகல மேட்டை அதே வேகத்தில் கடக்க விநாடியில் பதினைந்தில் ஒரு பங்குகூட ஆகாது. அதை எந்தப் பட்டையாலும் வாங்கிக்கொள்ள முடியாது. வேகத்தைக் குறைப்பது தவிர இதற்கு வேறு வழி கண்டறியப்படவில்லை.

எஞ்சியது சாட்சிகளின் நம்பகத்தன்மை. ஓட்டுநர் முன்அச்சுக்கு அருகில் அமர்ந்திருப்பதால் பின்துள்ளல் அவரை முழுதாக எட்டுவதில்லை. ‘எனக்கு ஒண்ணும் தெரியலையே’ என்று அவர் சொல்வது பொய்யல்ல, ஆனால் சாட்சியமும் அல்ல. பெட்டியில் கேபினை ஒட்டி நிற்பவருக்குத் துள்ளல் குறைவு, அச்சின்மேல் இருப்பவருக்கு அதிகம், பின்கதவில் சாய்ந்திருப்பவருக்கு அதனினும் அதிகம். கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் போகிறபோது பெரியவர்கள் கேபின் பக்கம் ஒண்டிக்கொள்வதும் இளவட்டங்கள் பின்கதவில் தொங்குவதும் இவ்விதியை ஊர் முன்பே அறிந்திருப்பதைக் காட்டுகிறது. மூட்டை துள்ளினால் திரும்பப் பெட்டியில் விழும். பின்கதவில் தொங்குகிறவர் ரோட்டில் விழுவார். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம். கல்யாணத்துக்குப் போகிறவர்கள் தயவுசெய்து வேன் பிடிக்கவும்.