கம்பத்திலும் ஒரு கூண்டு

அனுப்புநர்: கடல் இல்லாத மாவட்டத்துக்காரன், கம்பம் பள்ளத்தாக்கு, தேனி மாவட்டம்.

பெறுநர்: புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும் அதிகாரி அவர்கள், ஏதேனும் ஒரு துறைமுகம்.

பொருள்: எங்கள் ஊருக்கும் ஒரு கூண்டு கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வங்கக்கடலில் புயல் சின்னம் உருவானதும் நாகைக்கு ஒன்று, கடலூருக்கு ஒன்று, பாம்பனுக்கு ஒன்று என்று எண் போட்டுக் கூண்டு ஏற்றிவிடுகிறீர்கள். டிவியில் பார்த்து நாங்கள் பொறாமைப்படுவதோடு சரி. 1865-ல் கல்கத்தாவில் கப்பல்காரர்களுக்காகத் தொடங்கிய ஏற்பாடாம். எங்களிடம் கப்பல் இல்லைதான். ஆனால் கூண்டைக் கட்டித் தொங்கவிடக் கம்பம் இருக்கிறது. ஊர்ப் பெயரே அதுதான்.

"புயல் கரையைக் கடந்தது" என்றதும் கூண்டை இறக்கிவிடுகிறீர்கள். செய்தி வாசிப்பவரும் கிரிக்கெட்டுக்குப் போய்விடுகிறார். கடந்த புயல் அப்புறம் எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் பக்கம்தான் வருகிறது, ஐயா. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் வீசிய காற்று டெல்டாவின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. பிறகு வலுக்குறைந்தபடியே மேற்கே வந்து, கொடைக்கானல் மலையில் மரங்களைத் தள்ளி, கேரளம் வழியாக அரபிக்கடலில் இறங்கி, அங்கே மறுபடியும் தெம்பு பெற்றுக்கொண்டது. கடலில் தொடங்கிக் கடலில் முடிந்த பயணத்தில் நடுவில் இருந்தவர்களுக்கு எண் கிடையாதா?

நிலத்தில் ஏறினால் புயல் செத்துவிடும் என்பீர்கள். 26.5 டிகிரிக்கு மேல் சூடான கடல்நீர்தான் அதற்குத் தீனி; தரையில் தீனி இல்லை, காற்று தளரும், ஒப்புக்கொள்கிறோம். கொண்டுவந்த ஈரத்தை எங்கே இறக்கும்? எதிரே மலை. ஏறுகிறது, குளிர்கிறது, கொட்டுகிறது. கொட்டிய தண்ணீர் கொட்டக்குடி ஆறாகப் போடிக்கும், வராகநதியாகப் பெரியகுளத்துக்கும் வந்து சேர்கிறது. கும்பக்கரை அருவியில் குளிக்கத் தடை என்று வனத்துறை அறிவித்தால், மேலே நல்ல மழை என்று நாங்களாகவே புரிந்துகொள்கிறோம். எங்களுக்கு வாய்த்த ரேடார் அதுதான்.

புயல் நிற்கும் இடத்தில்தான் மழை என்றும் நம்ப முடியாது. 2020 டிசம்பரில் புரெவி புயல் பாம்பன் பக்கம் கடலிலேயே நின்று ஓய்ந்தது. வெள்ளமோ தொலைவில் உள்ள சிதம்பரம் நடராசர் கோயிலுக்குள் புகுந்தது.

"தேனி மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் கனமழைக்கு வாய்ப்பு" என்று ஒரு வரி வருவதை மறுக்கவில்லை. மழைமானி நிலையங்களில் கால்வாசிக்குள் பெய்தால் அது ஓரிரு இடம் என்பது வானிலைக்காரர்கள் கணக்கு. உத்தமபாளையமா, வீரபாண்டியா, சோத்துப்பாறையா? எந்த ஓடைக்காரன் மாட்டை அவிழ்த்து மேட்டில் கட்டுவது?

வாழைக்காரன் பாட்டைக் கேளுங்கள். குலை தள்ளிய மரம் தலைக்கனத்தோடு நிற்கும். ஒரு சூறைக்காற்றில் நடுத்தண்டு மடிந்து, காய் முற்றாமலே தரையில் கிடக்கும். ஒடிந்ததை நிமிர்த்தி வைத்தால் பிழைக்காது. முன்கூட்டித் தெரிந்தால் முட்டுக் கொடுக்கலாம், முற்றிய தாரை வெட்டலாம், வடிகால் வெட்டிவிடலாம். விழுந்த பிறகு நிவாரணம் கேட்டால் 33 சதவீதமாவது சேதமாகியிருக்க வேண்டும். நூற்றுக்கு 32 மரம் விழுந்தவன் அடுத்த மரத்தைப் பார்த்து, "நீயும் விழுந்து தொலையேம்ப்பா" என்று கெஞ்சும் நிலைமை. பன்னீர் திராட்சைக்குக் காற்றே வேண்டாம். பழுத்த நேரத்தில் விடாத மழை பெய்தால் கொடியிலேயே வெடித்து அழுகும். 2023-ல் கிடைத்த புவிசார் குறியீட்டை வைத்து அதைத் தடுக்க முடியவில்லை.

உங்கள் கூண்டுப் பட்டியலில் 11-ஆம் எண் எங்களுக்கு மிகவும் பிடித்தது. எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருளாமே! வருசநாட்டு மலைக்கிராமங்களிலும் மேகமலை எஸ்டேட்டுகளிலும் அதை நிரந்தரமாகவே கட்டிவிடலாம். ஏற்றி இறக்கும் செலவும் மிச்சம்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று நினைக்க வேண்டாம். வைகை அணையில் 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. எண்ணைச் சொன்னதும் மதுரையில் கரையோரத்தவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று புரிந்துகொள்கிறார்கள். அணை எங்கள் மாவட்டத்தில், எச்சரிக்கை கீழ்நாட்டுக்கு! அணைக்குக் கீழே இருப்பவர்களுக்குச் செய்வதை ஓடைக்குக் கீழே இருப்பவர்களுக்கும் செய்தால் போதும்.

செய்யவும் தெரியும். 2023 மே மாதம் அரிக்கொம்பன் யானை கம்பத்துக்குள் நுழைந்தபோது பார்த்தோமே. ஒற்றை யானைக்கு 144 தடை உத்தரவு, வீட்டைவிட்டு வெளியே வராதீர்கள் என்று அறிவிப்பு, கும்கிகள், எந்தத் தோப்பில் நிற்கிறது என்று மணிக்கொரு தகவல். மலையிலிருந்து இறங்கும் காட்டாறும் அதே வழியில்தான் வருகிறது. அதற்குத் தும்பிக்கை இல்லை என்பதற்காக ஒதுக்கிவிட வேண்டாம்.

கூண்டு துறைமுகத்துக்கு மட்டும்தான் என்று விதி இருந்தால் வற்புறுத்தவில்லை. அடுத்த புயல் கரையைக் கடந்த பிறகும் இரண்டு நாள் கூடுதலாக விழித்திருந்து, எந்த ஓடையில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும் என்று ஊர் ஊராக ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்ல ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.