பம்பரம் விட்ட இடம்

கேள்வி: தெருவில் விளையாடிய அந்தக் கால ஆட்டங்களில், இன்னும் உங்கள் மனசை விட்டுப் போகாதது எது?

பதில்: பம்பரம்தான். வட்டம் போட்டு, எல்லோரும் ஒரே நேரத்தில் விட வேண்டும். சாட்டையால் சுண்டித் தூக்கிக் கையில் பிடித்து 'அபீட்' சொல்ல வேண்டும். கடைசியாக எடுத்தவனின் பம்பரத்துக்கு வட்டத்துக்குள் சிறைவாசம். மற்றவர்கள் தங்கள் பம்பர ஆணியால் அதன் மண்டையில் குத்துவார்கள். அதற்கு ஆக்கர் என்று பெயர். நல்ல கட்டையில் கடைந்தது தாங்கும். மட்டமானது இரண்டாகப் பிளக்கும். என் அப்பா வாங்கித் தந்தது எப்போதும் இரண்டாவது ரகம்.

கில்லியும் ஆடினோம். கிட்டிப்புள் என்றும் சொல்வார்கள். கண் போய்விடும் என்று அம்மாக்கள் கத்திக்கொண்டே இருந்த ஆட்டம். பாவம், 2004-ல் அந்தப் பெயரிலேயே படம் வந்தபோது விஜய் அதில் ஆடியது கபடி! பம்பரத்துக்காவது 1992-லேயே 'சின்னக் கவுண்டர்' மரியாதை செய்துவிட்டது. விஜயகாந்த் அதை விட்ட இடத்தைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் இந்தப் பக்கத்தை முதலில் படிப்பது என் மனைவி.