காணாமல் போன ஒரு சாமான் குறித்து

அனுப்புநர்: பெசன்ட் நகர்வாசி ஒருவன், சென்னை.
பெறுநர்: மாட்சிமை தங்கிய கல்வித் துறை, இங்கிலாந்து.

பெருமதிப்பிற்குரிய துறையே,

எங்கள் பள்ளிக்கூடக் கட்டடங்களைப் பற்றிப் பேச நீ யார் என்று கேட்பீர்கள். நான் தினமும் காற்று வாங்கும் பேட்டைக்கு அன்னி பெசன்ட் பெயர். அந்த அம்மையார் இந்தியாவுக்குக் கப்பலேறுமுன் உங்களூரில் விட்டுவந்த சாமான் ஒன்றைக் காணவில்லை. அதை விசாரிக்கத்தான் இந்த மனு.

முதலில் உங்கள் பள்ளிக் கூரைகளைப் பாராட்டிவிடுகிறேன். இட்லியால் கூரை போட எங்களுக்குத் தோன்றவே இல்லை. ஜல்லி கிடையாது, சிமெண்டுக் குழம்பில் அலுமினியத் தூளைக் கலந்தால் குமிழி குமிழியாய்ப் பொங்கும், உள்ளே கம்பி வைத்து, ஆவியில் அவித்து, பலகையாக எடுத்து லாரியில் ஏற்ற வேண்டியது. 'ராக்' என்று பெயர் வைத்தீர்கள். எங்கள் வீட்டில் இட்லி மறுநாள் உப்புமாவாகிவிடும். சுமார் 30 வருஷ ஆயுள் சொல்லப்பட்ட உங்கள் பலகையோ, அதற்கப்புறமும் பிள்ளைகள் தலைக்குமேலேயே இருந்தது. 2018இல் கென்ட்டில் ஒரு தொடக்கப் பள்ளியின் கூரை விழுந்தது. வார விடுமுறை, உள்ளே யாருமில்லை. எங்களூரில் இதற்குப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்போம்; நீங்கள் காலண்டருக்கு உடைத்திருக்க வேண்டும். 2022இல் உங்கள் அரசே 'ஆயுள் முடிந்தது, இடிந்து விழக்கூடும்' என்று சுற்றறிக்கை விட்டது. பள்ளி திறக்கச் சில நாளே இருக்கையில், 2023 ஆகஸ்ட் 31 அன்று, நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குக் கட்டடத்தை மூடச் சொல்லிச் சேதி போனது. சாவதானம் என்றால் இதுவல்லவோ சாவதானம்!

அது பழைய தலைமுறை செய்த தப்பு என்பீர்கள். சரி, ஹார்லோ ஊருக்கு வருவோம். தொழிற்சாலையிலேயே அறை அறையாகச் செய்து கொண்டுவந்து பூட்டிய பள்ளி, 2021இல் திறப்பு. செய்த கம்பெனி 2022இல் நொடித்துப்போனது. பலத்த காற்றையும் கனத்த பனியையும் கட்டடம் தாங்குமா என்று சந்தேகம் வந்து, 2023 ஆகஸ்டில் நீங்களே மூடினீர்கள். எங்கள் வீட்டு மிக்ஸி அதைவிட அதிக நாள் உழைத்தது.

கூலி குறைந்ததால்தான் கூரை ஆட்டம் கண்டது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி ஒரு கணக்கு என்னிடம் இல்லை. டெண்டரில் கதவின் கனம், சன்னலின் அகலம், தீயை எத்தனை நிமிஷம் தாங்க வேண்டும் என்பதுவரை எழுதத் தெரிந்த உங்களுக்கு, அதைச் செய்கிறவன் வாங்கும் கூலியை எழுத மட்டும் பேனாவில் மை தீர்ந்துவிடுகிறதே என்பதுதான் என் ஆச்சரியம். 

முன்பு மை இருந்தது. தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணைநின்ற கையோடு, 1888 கடைசியில் அம்மையார் லண்டன் பள்ளி போர்டுக்குத் தேர்தலில் ஜெயித்துப் போனார். பள்ளி வேலையை எடுக்கும் காண்ட்ராக்டர் நியாயக் கூலி தரவேண்டும் என்று 1889இல் அந்த போர்டு விதித்தது. பின்னாலேயே 1891இல் பாராளுமன்றமும் நியாயக் கூலித் தீர்மானம் போட்டது. 1946இல் அதைப் புதுப்பித்தபோது, அரசு வேலை நடக்கும் தொழிற்சாலை, பட்டறை எல்லாவற்றையும் சேர்த்தார்கள். சப்-காண்ட்ராக்டர் ஏய்த்தால் தலைமைக் காண்ட்ராக்டர் பொறுப்பு. ரெடிமேட் வகுப்பறைக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை! செங்கல் அடுக்குகிறவனும், எங்கோ தொலைவில் தொழிற்சாலைக் கொட்டகைக்குள் நின்று சுவரை வார்க்கிறவனும் ஒரே கணக்கில் வந்துவிடுவார்கள்.

அதை எடுத்துவிட்டவரும் ஓர் அம்மையார்தான். பொது ஒப்பந்தங்களில் கூலி விதி வேண்டும் என்னும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 94ஆம் உடன்படிக்கையிலிருந்து தாட்சர் அரசு 1982இல் கழன்றுகொண்டது. அடுத்த வருஷம் தீர்மானமும் போயிற்று. இதே தாட்சர் 1971இல் உங்கள் துறைக்கு மந்திரியாக இருந்தபோது ஏழு வயதைத் தாண்டிய பிள்ளைகளின் இலவசப் பாலை நிறுத்தியவர். பெசன்ட் அம்மையாரோ பள்ளியில் இலவசச் சாப்பாடு கேட்டு வாதாடியவர். ராசி அப்படி.

குறைந்தபட்சக் கூலிச் சட்டம்தான் இருக்கிறதே என்று பதில் எழுதிவிடாதீர்கள். அது தரை. அம்மையார் கேட்டது ஊர்க்கூலி. சங்கம் பேசி வாங்கும் கூலி. தரையைக் காட்டிக் கூரை என்பது உங்கள் துறைக்குப் பழகிப்போயிருக்கலாம், எனக்குப் பழகவில்லை.

ஆகவே, காணாமல் போன சாமானின் அடையாளங்கள்: பிறந்தது 1889, லண்டன். உடம்பு ஒரு பத்தி நீளம். கடைசியாகக் காணப்பட்டது 1983 செப்டம்பர். அதே போர்டு எழுப்பிய செங்கல் பள்ளிகளில் பல இன்னும் மணியடித்துக்கொண்டிருக்கின்றன. முதலில் அங்கே தேடிப் பாருங்கள்.

கிடைத்தும் உங்களுக்கு வேண்டாமென்றால், அம்மையார் பெயர் தாங்கிய இந்தப் பேட்டைக்கே அனுப்பிவிடுங்கள். எதிர் மனையில் அடுக்குமாடி எழும்புகிறது. ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள் வேலை செய்கிறார்கள். ஒருநாள் கூலி எவ்வளவு தம்பி என்று தெரிந்த இந்தியில் கேட்டேன். மேஸ்திரி நிற்கும் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, பதில் சொல்லாமல் சிரித்தார்கள்.

தபால் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பெசன்ட் நகர்வாசி