கொடிமலையில் ஒரு நன்றியறிதல்

பட்டம் பெற்று விடைபெறும் மூத்த மாணவர்களுக்கு நன்றி நவிலும் பொருட்டுக் கொடிமலைக்கு உல்லாசப் பயணம் புறப்பட்ட பினாங்கு மாணவர் செயற்குழு ஒன்றில், இடத்தைத் தேர்வதற்காகக் கூடிய கூட்டங்கள் எதிலும் தலைகாட்டாத ஏகமனது, செலவை யார் ஏற்பது என்ற பிரஸ்தாபம் வந்ததும் ஒரு கணத்தில் தோன்றி, கௌரவ விருந்தினராகிய மூத்தோரிடமே தலைக்கு இத்தனை ரிங்கிட் என்று வசூலிப்பதில் போய் முடிந்தது.

1923இல் ஓடத் தொடங்கிய மலை ரயில் முன்பெல்லாம் நடுவழியில் வண்டி மாற்றி, ஏறத்தாழ அரைமணி நேரம் ஊர்ந்தது; 2011இல் வந்த புதிய பெட்டிகளோ சில நிமிஷங்களில் உச்சிக்குக் கொண்டு சேர்த்துவிடுகின்றன. அவ்விதம் மிச்சமான நேரம் விரயமாகலாகாது என்று கருதியோ என்னவோ, செயலாளர் தமது நன்றியுரையை ஆண்டறிக்கையிலிருந்தே ஆரம்பித்தார். (இப்பழக்கம் அவருக்கு யாரிடமிருந்து தொற்றியது என்பதை மூத்தோரே அறிவர்.) ஜார்ஜ் டவுன் முழுவதும் காலடியில் விரிந்து கிடந்தும், சகலருடைய திருஷ்டியும் பொட்டலத்தில் ஆறிக்கொண்டிருந்த நாசி கண்டாரின் மீதே நிலைத்திருக்க, அதன் குழம்போ மெல்லக் கசிந்து, பக்கத்திலிருந்த நினைவுப் பரிசின் ஜிகினாத் தாளில் மஞ்சளாகப் படர்ந்தது.

அடுத்த ஆண்டு மூத்தோராகப் போகிறவர்கள் இப்போதிருந்தே ரிங்கிட் சேர்த்து வருவது உசிதம்.