கடப்பாரை எங்க கெடக்கு மருமவனே?

புது வீடு சோக்கா இருக்குடே மருமவனே. பின்கட்டுலகூட மண்ணு தெரியாம கல்லு பாவிட்டியே! மழ பேஞ்சா வழுக்கி விழ நல்ல சவுரியம். இங்கன துவைகல்லுக்கு அடியில ஒரு சொறித்தவளை குடியிருந்துச்சு. எறும்பு, கரையான், வண்டுன்னு தின்னுக்கிட்டு அது பாட்டுக்குக் கெடந்துச்சு. அதைக் காலி பண்ண வச்சே. இப்ப நிலைப்படியில கரையான்னு எங்கிட்ட வந்து அழுதே.

திரும்ப வருமாங்கியா? பத்திரிகை ஒண்ணும் அடிக்க வேண்டாம். மூலையில நாலு கல்லைப் பேத்து எடு. ஓட்டைப் பானையைக் கவுத்தி, விளிம்புல வாசல் கணக்கா கொஞ்சம் ஒடைச்சு விடு. மேல சருகைப் போடு. ஒம் பொண்டாட்டி குப்பைன்னு சொல்லுவா. நீ தோட்டம்னு சாதி.

பக்கத்துல அகலச் சட்டி ஒண்ணைப் புதைச்சுத் தண்ணி ஊத்து. உள்ள கல்லைச் சரிவா அடுக்கணும், இல்லாட்டி எறங்குனது ஏற முடியாம முங்கிச் சாவும். அழகுக்கு மீனை விட்டுராத, தலைப்பிரட்டையைப் பலகாரமா முடிச்சுரும். பிரட்டை இல்லாத நாள்ல வாரம் ஒருக்கா தண்ணியை எறைச்சு மாத்து. கொசு முட்டை போட்டா எம் பேரைச் சொல்லப்படாது. இன்னொண்ணு, தவளை வாயால தண்ணி குடிக்காதுடே, தோலால உறிஞ்சும். நீ செடிக்கு அடிக்கிற மருந்தும் அந்த வழியாத்தான் உள்ள போவும்.

அது இரை முழுங்குறதைக் குத்தவச்சுப் பாத்திருக்கியா? கண்ணை மூடும். ருசியில சொக்குதுன்னு நெனைக்காத. கண்ணுமுழி உள்ள எறங்கி இரையைத் தொண்டைக்குத் தள்ளுது. மாமியார் வீட்டு விருந்துல நீ முழிச்ச முழிக்கு அது எவ்வளவோ தேவல.

தென்னையில ஒல்லிக்காய் விழுந்தா தேரை மோந்துட்டுங்கோம். நாப்பதடி மரத்துல ஏறி மோந்து பாக்க அதுக்கென்ன, தேங்கா யாவாரமா? தவளை இருந்தா பாம்பு வருமேங்கே. மச்சுல நெல்லு மூட்டை அடுக்கி எலி வளக்கிறவன் பேசுத பேச்சாடே இது?

முன்ன வயக்காட்டுத் தவளையைப் பிடிச்சு, காலை மட்டும் அறுத்துக் கப்பலேத்துனோம். 1987-ல ஏத்துமதிக்குத் தடை வந்துச்சு. கப்பலுக்குத் தப்புனது ஒன் கல்லுத்தரையில வந்து மாட்டணுமா?

ராத்திரி கத்தித் தூக்கத்தைக் கெடுக்குமாக்கும்! கத்துறது ஆண் தவளைடே, பொண்ணு தேடுது. ஒனக்குப் பொண்ணு தேடி நாங்க ஏழு ஊரு அலைஞ்சு போட்ட சத்தத்துக்கு எவனாவது வந்து சண்டை புடிச்சானா? சரி, கடப்பாரை எங்க கெடக்கு? எடுத்தா.